கோவையில் 93, கோத்தகிரியில் 83: டக்டஸ் கட்டிய ஒரு குறைமாதக் குழந்தையின் மூச்சுக் கணக்கு

மே மாதம், சீசன் நேரம். ஊட்டிக்கு ஏறும் வண்டிகளைக் குன்னூர் வழியாகவும் இறங்கும் வண்டிகளைக் கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிட்டிருந்தார்கள். கடைவீதியில் ஹாரன் சத்தம் ஓயாத ஒரு சாயங்காலம், பிறந்து 89 நாளான பெண் குழந்தையை எங்கள் சிறிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார் அதன் பாட்டி. பின்னால் அம்மா, கையில் தடித்த டிஸ்சார்ஜ் ஃபைல். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு எஸ்டேட் லயன் வீட்டுக்காரர்கள். அம்மாவுக்கு 23 வயது, கொழுந்து பறிக்கிறவர், தலைப்பிரசவம். (குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

"பால் குடிக்கையில உதடு கறுத்துப் போகுது டாக்டரம்மா. நாலு மடக்குக்கு மேல இழுக்க மாட்டேங்கிறா. கீழ இருக்கையில இப்படி இல்ல" என்றார் பாட்டி.

அந்தக் கடைசி வார்த்தையைக் காதில் வாங்கினேன், மனதில் வாங்கவில்லை. ஒரு ராத்திரி அதனால் வீணானது.

எடை 2,050 கிராம். மூச்சு நிமிடத்துக்கு 68. ஒவ்வொரு மூச்சுக்கும் விலாவுக்குக் கீழே சதை உள்வாங்கியது. காய்ச்சல் இல்லை. இடது அக்குளுக்குக் கீழிருந்து முதுகுப் பக்கமாகச் சுண்டுவிரல் நீளத்துக்கு ஆறிய தழும்பு. பாதத்தில் சுற்றிய பல்ஸ் ஆக்சிமீட்டர், ரத்தத்தின் ஆக்சிஜன் சதவீதம் குழந்தை சும்மா படுத்திருக்கும்போதே 83 என்று காட்டியது. பாலாடையில் பால் புகட்டத் தொடங்கியதும் 76. மூக்கில் அரை லிட்டர் ஆக்சிஜன் வைத்தோம். மூன்று நிமிடத்தில் 99.

ஃபைலின் கடைசிப் பக்கத்தில் "அறைக் காற்றில் 93 முதல் 95" என்று தெளிவாக எழுதியிருந்தது. ஆக்சிஜனை நிறுத்திப் பத்து நாள் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட குழந்தை மூன்றே நாளில் 83-க்கு வந்தால் முதலில் தோன்றுவது நிமோனியா. எனக்கும் அதுதான் தோன்றியது. ரத்தம் எடுத்து, கிருமி வளர்கிறதா என்று பார்க்கக் கல்ச்சருக்கு அனுப்பிவிட்டு ஆம்பிசிலினும் ஜென்டாமைசினும் தொடங்கினேன். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலும் திட்டுத்திட்டாக இருந்தன. கோவையில் கடைசியாக எடுத்த படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். புதிதாக ஒன்றும் இல்லை. தொற்று இருந்தால் ரத்தத்தில் ஏறும் சி.ஆர்.பி.யும் நார்மல். அப்போதாவது யோசித்திருக்கலாம். நிமோனியா பிடித்த நுரையீரல் அரை லிட்டர் ஆக்சிஜனுக்கு இவ்வளவு சுளுவாக மசியாது.

கீழே நடந்தது

இந்தக் குழந்தை பிறந்தது 27 வாரம் 2 நாளில், 940 கிராம் எடையில். பிப்ரவரியில் அம்மாவுக்கு வலி எடுத்ததும் குழந்தையின் நுரையீரலைப் பழுக்கவைக்க மேலேயே டெக்சாமெத்தசோன் ஊசி ஒன்று போட்டு, 108-ல் கோவைக்கு அனுப்பிவிட்டார்கள். அது நல்ல முடிவு. அத்தனை சின்ன உயிரைப் பிறந்தபின் இன்குபேட்டரில் வைத்துக் கொண்டைஊசி வளைவுகளில் இறக்குவதைவிடத் தாயின் வயிற்றிலேயே இறக்குவது எவ்வளவோ மேல்.

பிறந்ததும் மூக்கு வழியாக விடாமல் காற்றழுத்தம் தரும் சி-பாப், இரண்டு மணி நேரத்தில் காற்றறைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் மருந்து. மூன்றாம் நாளிலிருந்து மூச்சு விட்டு விட்டு நின்றது, இதயத்தில் இரைச்சல் கேட்டது. எக்கோவில் டக்டஸ் 2.4 மி.மீ. அகலத்துக்குத் திறந்திருந்தது.

டக்டஸ் என்பது பெருந்தமனிக்கும் நுரையீரல் தமனிக்கும் நடுவே உள்ள ஒரு குறுக்குவழி. கருவில் நுரையீரலுக்கு வேலையில்லை, ஆகவே அங்கே போக வேண்டிய ரத்தம் இந்த வழியில் பெருந்தமனிக்குத் தாவிவிடும். நிறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு, மூச்சு விடத் தொடங்கியதும் ரத்தத்தில் ஏறும் ஆக்சிஜன் இந்தக் குழாயைச் சுருக்கி இரண்டு மூன்று நாளில் மூடிவிடும். குறைமாதக் குழந்தையின் குழாய்த் தசைக்கு அந்தப் பக்குவம் இருக்காது. திறந்தே கிடந்தால் ரத்தம் திசைமாறிப் பெருந்தமனியிலிருந்து நுரையீரலுக்குள் பாயும். நுரையீரல் நனைந்த சாக்குப்போலக் கனத்துவிடும். குடலும் சிறுநீரகமும் ரத்தம் போதாமல் வாடும். ஆக்சிஜன்தான் அந்தக் குழாயை மூடுகிறது என்பதற்கு மலைகளே சாட்சி: பெருவின் ஆண்டீஸ் மலையில், 4,000 மீட்டருக்கு மேலுள்ள ஊர்களில், திறந்த டக்டஸோடு வளரும் குழந்தைகள் கடலோரத்தைவிடப் பல மடங்கு அதிகம். நம் மலை அந்த உயரத்தில் பாதிதான்.

பாராசிட்டமால் மூன்று நாள், பிறகு இபுப்ரோஃபென் ஒரு சுற்று. மூடவில்லை. ஐந்தாம் நாள் வைத்த வென்டிலேட்டரை எடுக்க முடியவில்லை. டக்டஸ் கண்ணில் பட்டாலே மூடப் பாய்ந்த காலம் இப்போது இல்லை. எல்லாக் குழந்தைக்கும் தொடக்கத்திலேயே மருந்து கொடுத்து மூட முனைவதால் பெரிய லாபமில்லை என்றே அண்மைக்காலப் பெரிய ஆய்வுகள் காட்டின. தொடை வழியாகக் கம்பி விட்டு அடைக்கும் சின்ன அடைப்பானுக்கு, 700 கிராம் எடைக் குழந்தைக்கும் பொருத்தலாம் என்று 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இந்தக் குழந்தைக்குப் பொறுத்தும் பார்த்தார்கள், மருந்தும் கொடுத்துப் பார்த்தார்கள். கடைசியில் 24-ஆம் நாள், 1,080 கிராமில், நெஞ்சைத் திறந்து கட்டினார்கள். பாஸ்டனில் ராபர்ட் கிராஸ் 1938-ல் ஏழு வயதுச் சிறுமிக்கு முதன்முதலில் வெற்றிகரமாகக் கட்டிய அதே குழாய்தான். இங்கே அது ஒரு சேமியா இழையின் தடிமன்.

அன்று ராத்திரி

அறுவை முடிந்தது என்றதும் வெளியே காத்திருப்பவர்கள் மூச்சு விடுவார்கள். வென்டிலேட்டர் பார்க்கிறவர்களுக்கு அந்த நிம்மதி கிடையாது. அந்த ராத்திரியின் சார்ட்டை ஃபைலில் வரிவரியாகப் படித்தேன். அங்கிருந்த டாக்டரிடம் பிறகு போனிலும் கேட்டேன்.

வெள்ளம் நின்றதும் நுரையீரல் இளகும். அதுவரை விறைப்பான நுரையீரலை மல்லுக்கட்டித் திறந்த அதே அழுத்தம், இளகிய நுரையீரலில் தேவைக்கு மேல் காற்றை அடைத்து அதைக் கிழித்தும் விடும். அதனால் ஒரு மூச்சுக்குப் போகும் காற்றின் அளவைக் கட்டிப்போட்டு, அழுத்தத்தை எந்திரமே கூட்டிக் குறைத்துக்கொள்ளும்படி வைத்திருந்தார்கள். கிலோவுக்கு 5 மி.லி., அதாவது இந்தக் குழந்தைக்கு மூச்சுக்கு ஐந்தரை மி.லி.; ஒரு டீஸ்பூனுக்குக் கொஞ்சம் மேல். சுவாசிக்கும் காற்றில் ஆக்சிஜன் தேவை 50-லிருந்து 35 சதவீதமாக இறங்கியது. சார்ட்டில் அந்த நாலைந்து மணி நேரம் பார்க்க அழகாக இருக்கிறது.

ஏழாவது மணி நேரத்தில் எல்லாம் கவிழ்ந்தது. ரத்த அழுத்தம் சரிந்தது, ஆக்சிஜன் தேவை 70 சதவீதத்துக்கு ஏறியது, எக்ஸ்ரேயில் நுரையீரல் மறுபடி ஈரம். டக்டஸ் திறந்திருந்தவரை இடது இதயம், தான் தள்ளும் ரத்தத்தில் ஒரு பங்கை எதிர்ப்பில்லாத குறுக்குவழியில் கொட்டிப் பழகியிருந்தது. அந்த வழியை அடைத்ததும் முழுவதையும் உடம்பின் இறுகிய ரத்தக்குழாய்களுக்கு எதிராகத் தள்ள வேண்டும். நுரையீரலிலிருந்து திரும்பி வரும் ரத்தமும் அதேநேரம் குறைந்துவிட்டது. ஒரு கிலோ குழந்தையின் இதயத் தசைக்கு இது திடீர்ச் சுமை. அறுவைக்குப்பின் 6 முதல் 12 மணி நேரத்துக்குள் வருவதென்று எல்லோருக்கும் தெரிந்த சிக்கல்தான்; ஆனாலும் அதிகாலை இரண்டு மணிக்கு வரும்போது கைநடுக்கம் தராமல் இருக்காது. இதயத் தசைக்குக் கைகொடுக்கும் மில்ரினோன் மருந்தை ஓடவிட்டார்கள். மூச்சின் கடைசியில் தங்கும் அழுத்தத்தை 7-லிருந்து 8-க்கு ஏற்றினார்கள். மறுநாள் மதியம் ஆக்சிஜன் தேவை 40-க்கு வந்தது. அறுவையின்போது ஒதுக்கிப் பிடித்ததில் இடது நுரையீரலின் மேல்பகுதி சுருங்கிக் கிடந்தது. வலப்பக்கம் கீழாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, சளியைப் பதமாக உறிஞ்சி எடுக்க, இரண்டு நாளில் விரிந்தது.

வலிக்குக் கொடுத்த ஃபென்டனில் மூச்சையும் தூங்கவைக்கும் என்பதால் அதை மெல்லக் குறைத்தார்கள். மூச்சைத் தட்டி எழுப்பும் கஃபீன் முன்பிருந்தே ஓடியது. "நீங்க பறிக்கிற இலையில இருக்கிறதும் இதுதாம்மா" என்று அங்கிருந்த சிஸ்டர் சொன்னதை அம்மா கடைசிவரை நம்பவில்லை.

முனகல்

அறுவை முடிந்த நான்காம் நாள் டியூபை எடுத்து, மூக்கு வழியாக இடைவிட்டு அழுத்தம் தரும் முறைக்கு மாற்றினார்கள். 14 மணி நேரம் தாங்கியது. பிறகு மூச்சு நிற்கத் தொடங்கி, ரத்தத்தில் கரியமில வாயு 72-க்கு ஏற, மறுபடி டியூப்.

ஏன் தோற்றது? அன்றைய நர்ஸ் குறிப்பில் கைப்பட எழுதிய ஒரு வரி இருந்தது: "அழுகிறது, சத்தம் வரவில்லை." ஃபைல் முழுவதிலும் மிக முக்கியமான வரி அதுதான் என்பேன்.

குரல்நாணுக்குப் போகும் இடது நரம்பு நேர்வழியில் போவதில்லை. கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் இறங்கி, டக்டஸை ஒட்டியே பெருந்தமனியை வளைத்துக்கொண்டு, வந்த வழியே குரல்வளைக்கு ஏறுகிறது. டக்டஸைக் கட்டுகிறவரின் கருவி இந்த நரம்பிலிருந்து மயிரிழை தூரத்தில் இருக்கும். இழுபட்டாலோ நசுங்கினாலோ இடது நாண் அசையாது. குழந்தையின் எடை குறையக் குறைய இந்த ஆபத்து கூடும். தேர்ந்த கைகளிலும் நடப்பதுதான். இதை நான் பிழை என்று எழுதவில்லை.

குரல் கம்மினால் மூச்சுக்கு என்ன? பழுக்காத நுரையீரலோடு பிறந்த குழந்தை, மூச்சை விடும்போது ஒவ்வொரு தடவையும் "ம்… ம்…" என்று முனகும். பக்கத்தில் இருப்பவர்கள் வலி என்று நினைத்துக் கலங்குவார்கள். உண்மையில் குழந்தை குரல்நாண்களைப் பாதி சாத்திக்கொண்டு காற்றைச் சிறிது சிறிதாக விடுகிறது. அப்படி விட்டால் உள்ளே கொஞ்சம் அழுத்தம் தங்கும், காற்றறைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. 1971-ல் சான் பிரான்சிஸ்கோவில் ஜார்ஜ் கிரெகரியும் கூட்டாளிகளும் வெளியிட்ட சி-பாப் முறை, குழந்தை தானே செய்துகொள்ளும் இந்த வேலையை வெளியிலிருந்து செய்து கொடுப்பதுதான். தொண்டையில் டியூப் இருந்தால் முனக முடியாது. டியூபை எடுத்தபின்னும் ஒரு பக்கக் கதவு சாத்தவில்லை என்றால், குழந்தைக்குத் தன் சொந்த சி-பாப் இல்லை. மற்றக் குழந்தைக்குப் போதும் அழுத்தம் இதற்குப் போதாது.

மெல்லிய ஸ்கோப்பை மூக்கு வழியாக விட்டுப் பார்த்தார்கள்: இடது நாண் அசையாமல் நின்றது. உதரவிதானத்தின் நரம்பும் அதே வட்டாரத்தில் போவதால் அதையும் அல்ட்ராசவுண்டில் பார்த்தார்கள். இரண்டு பக்கமும் நன்றாக ஏறி இறங்கியது. நுரையீரல் வீக்கத்தைக் குறைக்க, மூளை வளர்ச்சியைப் பற்றிய பயம் இருப்பதால் டெக்சாமெத்தசோனை மிகக் குறைந்த அளவில், பத்து நாளில் மொத்தம் கிலோவுக்கு 0.89 மி.கி. வரும்படி கொடுக்கத் தொடங்கி, 36-ஆம் நாள் இரண்டாம் முறை டியூபை எடுத்தார்கள். இந்த முறை அழுத்தத்தைக் கூடுதலாகவே வைத்தார்கள். நின்றது.

அதன்பின் சி-பாப்பை 35 வாரம் தாண்டும்வரை கழற்றவில்லை. பொறுமையில்லாத கை இருந்திருந்தால் முன்னதாகவே எடுத்து, குழந்தை ஒவ்வொரு மூச்சுக்கும் போராடி, எடை ஏறாமல் நின்றிருக்கும். மூக்குத்தண்டு புண்ணாகாமல் மாஸ்க்கையும் மூக்குக்குழலையும் மாற்றி மாற்றிப் போட்ட நர்ஸ்களைத்தான் இதற்குப் பாராட்ட வேண்டும். பிறகு மூக்குக்குழலில் வேகமாகக் காற்று தரும் ஹை ஃப்ளோ, பிறகு 0.2 லிட்டர் ஆக்சிஜன். 36 வாரத்திலும் ஆக்சிஜன் தேவைப்பட்டதால் நாள்பட்ட நுரையீரல் நோய் என்று பெயர் வைத்தார்கள். 39 வாரம் 4 நாளில், அதாவது 86-ஆம் நாள், 2,080 கிராமோடு வீடு. கண் பரிசோதனை நன்றாக இருந்தது.

முகவரிப் பகுதியில் கோத்தகிரி என்று டைப் செய்திருந்தது. அதைத் தாண்டி அந்த ஊர்ப் பெயர் ஃபைலில் வேறெங்கும் இல்லை.

காத்து

மறுநாள் காலை ரவுண்ட்ஸில், நிமோனியா என்று முந்தைய நாள் நானே எழுதியதை நானே நம்பாமல் நின்றுகொண்டிருந்தேன். பாட்டியிடம், வீட்டுக்கு வந்த நாளில் என்னென்ன நடந்தது, ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள் என்றேன்.

"கல்லாறுல வண்டிய நிறுத்திப் பால் குடுத்தோம், நல்லா குடிச்சா. பர்லியாறு தாண்டித் தூங்கிட்டா. குன்னூர்ல எழுப்புனா எந்திரிக்கவே இல்ல. அன்னைக்கு ராத்திரியே உதடு கறுத்துருச்சு. பச்சப் புள்ளைய காட்டு வழியில கொண்டாந்ததுல காத்து கருப்பு பட்டிருக்கும்னு அப்பவே மருமகன்கிட்ட சொன்னேன் டாக்டரம்மா."

காத்துதான். கருப்பை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

கோவை கடல்மட்டத்திலிருந்து சுமார் 411 மீட்டர். கோத்தகிரி சுமார் 1,800. காற்றில் ஆக்சிஜன் எங்கேயும் 21 சதவீதம்தான். மேலே போகப் போகக் காற்றின் அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் குறைகிறது. கோவையில் காற்றழுத்தம் ஏறக்குறைய 724 மி.மீ. பாதரசம், எங்கள் ஊரில் 611. மூச்சுக்குழாயில் ஈரத்துக்குப் போகும் 47-ஐக் கழித்துவிட்டு 21 சதவீதம் எடுத்தால், கோவையில் உள்ளே போகும் ஆக்சிஜனின் அழுத்தம் 142, கோத்தகிரியில் 118. கடலோரத்தில் ஒருவருக்கு 21-க்குப் பதில் பதினாறரை சதவீத ஆக்சிஜன் கொடுத்ததற்குச் சமம்.

நமக்கு இது தெரிவதில்லை. நல்ல நுரையீரலுள்ள குழந்தைக்கும் ஓரிரு புள்ளி குறையும், அவ்வளவுதான். இந்தக் குழந்தைக்கு ஏன் பத்துப் புள்ளி? கோடநாடு காட்சிமுனைக்குப் போனவர்களுக்குச் சொன்னால் புரியும். தேயிலைத் தோட்டத்துக்கு நடுவே வெகுதூரம் ஏறக்குறைய சமமாகவே நடப்போம். விளிம்பு வந்ததும் ஒரே செங்குத்து. ரத்தத்தில் ஆக்சிஜன் ஒட்டும் கணக்கும் அப்படித்தான். 97, 98-ல் இருப்பவர் சமதளத்தின் நடுவில் நிற்கிறார். காற்றழுத்தம் கொஞ்சம் குறைந்தால் நாலடி நகர்வார், விழமாட்டார். 93 என்பது கம்பித் தடுப்பை ஒட்டி நிற்பது. கோவையில் அந்த 93 ஒரு நல்ல எண். அதில் ஒளிந்திருந்தது, இன்னும் ஓரடி இல்லை என்பது.

நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள கைக்குழந்தைகளை விமானத்தில் ஏற்றும் முன் 15 சதவீத ஆக்சிஜன் உள்ள காற்றைச் சுவாசிக்கவைத்துச் சோதிக்கும் வழக்கம் உண்டு. பறக்கும் விமானத்தின் உள்ளே காற்றழுத்தம் 2,438 மீட்டர் உயரத்துக்குச் சமமாக இறங்கலாம் என்பதுதான் அதற்குக் காரணம். ஊட்டி 2,240 மீட்டர். மேட்டுப்பாளையத்தில் பஸ் ஏற்றுகிற குழந்தைக்கு யாரும் அந்தச் சோதனை செய்வதில்லை. விமானமாவது சில மணி நேரத்தில் தரையிறங்கிவிடும்.

கல்ச்சரில் 48 மணி நேரத்தில் ஒன்றும் வளரவில்லை. ஆன்ட்டிபயாட்டிக்கை நிறுத்தினேன்.

இறங்கும் வழியில்

டக்டஸில் போட்ட கட்டு நழுவியிருக்குமோ என்ற சந்தேகமும், இத்தனை நாள் குறைந்த ஆக்சிஜனில் நுரையீரல் தமனி இறுகியிருக்குமோ என்ற பயமும் இருந்ததால் எக்கோவுக்காக ஐந்தாம் நாள் கோவைக்கு அனுப்பினோம். நானும் ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டேன். பாதத்தில் ஆக்சிமீட்டர், மூக்கில் 0.25 லிட்டர். கிளம்பும்போது 93. அரவேணு தாண்டியும் 93. குஞ்சப்பனை செக்போஸ்ட்டில் வண்டி நின்றபோது 97; வால்வைத் திருகி 0.1-க்குக் குறைத்தேன். மேட்டுப்பாளையத்தில் 98. ஆக்சிஜனை முழுக்க மூடிவிட்டு, ஒரு பேக்கரி ஓரமாக வண்டியை நிறுத்தச் சொல்லி இருபது நிமிடம் பார்த்தேன். 93, 94, 93. பாட்டி எண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். "பாத்தீங்களா, கீழ வந்ததும் செவந்துருச்சு" என்றார். எங்கள் இரண்டு பேர் கருவியும் ஒரே விடை சொன்னது.

எக்கோவில் டக்டஸ் முழுதாக மூடியிருந்தது. நுரையீரல் தமனி அழுத்தம் லேசாக ஏறியிருந்தது. இந்த இரண்டாவது சேதிதான் விஷயத்தை முடிவுசெய்தது. உதடு கறுக்காமல் 86, 87-ல் ஓட்டிவிடலாம் என்று யாராவது நினைத்தால், அந்தக் குறைவே நுரையீரல் தமனியை இறுக்கி வலது இதயத்தைக் களைக்கவைக்கும். 92-க்குக் கீழே போகவிடக்கூடாது என்று முடிவுசெய்தோம். பிறந்த புதிதில் மேலே 95-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொண்டதற்குக் கண்தான் காரணம். 2010-ல் வந்த பெரிய ஆய்வில் 91–95 வைத்த குழந்தைகளுக்குக் கண் பாதிப்பு கூடுதலாக இருந்தது, 85–89 வைத்தவர்களிடம் இறப்பு கூடுதலாக இருந்தது. விழித்திரை முதிர்ந்த இந்தக் குழந்தைக்கு அந்தக் கவலை தீர்ந்திருந்தது.

இரண்டு வழி இருந்தது. ஐந்தாறு மாதம் மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் தங்குவது. அல்லது லயன் வீட்டுக்கே ஆக்சிஜனைக் கொண்டுபோவது. நான் முதலாவதைத்தான் சொன்னேன். "அவரு வேலை மேல, நான் கீழ எத்தன மாசம் யார் வீட்ல உக்காந்திருக்கிறது?" என்று அம்மா கேட்டார். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

லயன் வீட்டில் ஆக்சிஜன்

காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சென்ட்ரேட்டருக்குப் பஞ்சமில்லை. கொரோனா காலத்தில், 2021-ல், வந்து இறங்கியவை பல மருத்துவமனைகளின் ஸ்டோர் ரூமில் துணி போர்த்திக் கிடக்கின்றன. சிக்கல் வேறு: அவை பெரியவர்களுக்கானவை. மீட்டரின் குண்டு அரை லிட்டருக்குக் கீழே நிற்கவே நிற்காது. எங்களுக்கு வேண்டியது கால் லிட்டர். 0.1 லிட்டர் கோடுள்ள சின்ன மீட்டரைக் கோவையில் தேடி வாங்க நான்கு நாள் ஆயிற்று. அதுவரை குழந்தை வார்டிலேயே இருந்தது. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் இவ்வளவு சின்னப் பாதத்தில் நிற்காது. சுற்றி ஒட்டும் வகை ஒன்றை இரவல் கொடுத்தோம்.

கரண்ட் போனால்? சின்ன பி-டைப் சிலிண்டரில் 1,500 லிட்டர். நிமிடத்துக்குக் கால் லிட்டர் என்றால் நூறு மணி நேரம், நாலு நாள். ஜூலைக் காற்றில் மரம் விழுந்து இரண்டு நாள் மின்சாரம் இல்லாதபோது அந்தக் கணக்குக் கைகொடுத்தது. அப்பா வால்வு திறக்கும் சாவியைக் கழுத்தில் கயிறு கட்டிப் போட்டிருந்தாராம்.

பாலுக்குத்தான் அதிகப் பாடு. நாண் சரியாக மூடாததால் பால் தடம்மாறி நெஞ்சுக்குள் இறங்கலாம். பாட்டி பாலாடையை உதட்டில் சாய்த்து ஒரே ஊற்றாக ஊற்றுவார். ஊர் முழுக்க அப்படித்தான். குழந்தையை ஒருக்களித்துப் பிடித்து, மூன்று மடக்குக்கு ஒரு தடவை பாலாடையை எடுத்து, மூச்சு எண்ணிவிட்டுத் திரும்ப வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். ஒரு வேளைப் பாலுக்கு முக்கால் மணி நேரம். முதலில் அலுத்துக்கொண்டவர், இரண்டு வாரத்தில் லயனில் மற்றக் குழந்தைகளுக்கும் அப்படியே புகட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சாம்பிராணியில்தான் எங்களுக்குள் சண்டை. குளிப்பாட்டியதும் புகை காட்டாவிட்டால் சளி கட்டும் என்பது அவர் கட்சி. இந்த நுரையீரலுக்குப் புகையே ஆகாது, ஆக்சிஜன் ஓடுகிற இடத்தில் நெருப்பும் கூடாது என்பது என் கட்சி. விறகடுப்பைப் பின்கட்டுக்கு மாற்றினார்கள், சாமி விளக்கு அடுத்த அறைக்குப் போனது, குளிருக்குக் கரியடுப்பு மூட்டுவதை விட்டார்கள். சாம்பிராணியை மட்டும் பாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் குழந்தையைத் துவட்டும் துண்டுக்கு மட்டும் பக்கத்து வீட்டுத் திண்ணையில் புகை காட்டிக்கொள்ளலாம் என்று உடன்பாடு.

ஆகஸ்டில் விழித்திருக்கும் நேரத்தில் ஆக்சிஜனை எடுத்தோம். அடுத்துப் பால் குடிக்கும்போது. தூக்கத்தில் மூச்சு ஆழம் குறையும் என்பதால் ராத்திரிக்கு மட்டும் கடைசிவரை வைத்திருந்தோம். செப்டம்பர் எக்கோவில் தமனி அழுத்தம் சீராகிவிட்டது. ஸ்கோப்பில் இடது நாண் இன்னும் அசையவில்லை. வலது நாண் நடுக்கோட்டைத் தாண்டி வந்து அதைத் தொடக் கற்றுக்கொண்டிருந்தது. கரகரத்த குரல், ஆனால் சத்தமாக அழுகிறது. அக்டோபரில், இரண்டு ராத்திரி வார்டில் படுக்கவைத்து, ஆக்சிஜன் இல்லாமல் 93-க்குக் கீழே இறங்கவில்லை என்று பார்த்தோம். இந்த 93 கோத்தகிரியில் எடுத்தது. எடை 5,400.

இப்போது அந்தக் கோவை மருத்துவமனை, மலைக்குத் திரும்பும் இப்படிப்பட்ட குழந்தை இருந்தால் இரண்டு நாள் முன்னதாக எங்களுக்கு போன் செய்கிறது. குழந்தை நேரே வீட்டுக்குப் போவதில்லை. எங்கள் வார்டில் ஒரு பகல், இரண்டு ராத்திரி படுத்து, பால் குடித்து, தூங்கி, பிறகுதான் போகிறது.

கான்சென்ட்ரேட்டரைத் திருப்பி எடுக்க ஜீப்போடு போனபோது ஆயுத பூஜை முடிந்த மறுநாள். எந்திரத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம், பக்கவாட்டில் ஒரு மாவிலை. "பொட்ட அழிச்சுராதீங்க டாக்டரம்மா, அதுவா காயட்டும்" என்றார் பாட்டி. அழிக்கவில்லை. டிசம்பரில் அதை வாங்கிப்போன அடுத்த குடும்பமும் துடைக்கவில்லை.